சில நேரம் எடுக்குது, சில நேரம் எடுக்கல: பைக் ஸ்டார்ட்டிங் கோளாறு, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவின் ரங்கூன் நகருக்குள் 2003 முதல் பைக்குக்குத் தடை. அதனால் இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மோல்மேன், முடோன், தட்டோன், பெகு பக்கத்துக்காரர்கள்: வயலுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் போகிறவர்கள், சைக்கிள் கேரி (பைக் டாக்ஸி) ஓட்டிப் பிழைக்கிறவர்கள். வண்டிகளும் இரண்டே ரகம்தான். ஒன்று கென்போ மாதிரியான சீனா 125. இன்னொன்று தாய்லாந்திலிருந்து வரும் ஹோண்டா வேவ், டிரீம். கீழே உள்ள பதில்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதியவை.

காலையில் ஒரே கிக்கில் எடுக்குது. டீக்கடையில் நிறுத்திட்டு வந்தா எடுக்கவே மாட்டேங்குது. மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போனா அங்கே சமத்தா எடுக்குது. என்ன கோளாறு?

கடைக்குத் தள்ளிப்போன நேரத்தில் எஞ்சின் ஆறிவிட்டது, கோளாறும் ஒளிந்துகொண்டது. மெக்கானிக் சயாவுக்கு (பர்மிய மொழியில் 'ஆசான்' என்ற மரியாதைச் சொல்) இப்போது நல்ல வண்டிதான் தெரியும். அவர் ஊகத்தில் ஒரு பொருளை மாற்றுவார், நீங்கள் காசு கொடுப்பீர்கள், மறுநாள் அதே டீக்கடையில் அதே கதை.

வந்து வந்து போகிற கோளாறை, அது வந்திருக்கிற நேரத்தில்தான் பிடிக்க முடியும். வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள், மூன்று வேலை செய்யுங்கள். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள், நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? கடைசியாக அதே பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். பிளக் ஸ்பேனர் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

பிளக் காய்ந்து, கரண்ட் நன்றாக வந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். பிளக் நனைந்து, கரண்ட் வராமல் இருந்தால் மின்சாரப் பக்கம். நனைந்தும் இருக்கிறது, கரண்டும் வருகிறது என்றால் பெட்ரோல் அதிகமாகி மூழ்கியிருக்கலாம், அல்லது வால்வு இறுகியிருக்கலாம். இரண்டும் பின்னால் வருகிறது. இந்த ஒரு பிரிவினை தெரியாமல் யாரும், நீங்களோ சயாவோ, ஒரு பொருளும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

கரண்ட் வருகிறதா என்று சரியாக எப்படிப் பார்ப்பது?

பிளக்கைக் கழற்றி, ஒயர் முனையில் உள்ள கேப்பில் சொருகி, பிளக்கின் இரும்பு உடம்பை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்தி வையுங்கள். சாவியைப் போட்டு கிக் அடியுங்கள். இடைவெளியில் நீலமும் வெள்ளையுமாக, 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு பொறி தெறிக்க வேண்டும். மெலிந்து, ஆரஞ்சு நிறத்தில், விட்டுவிட்டு வந்தால் அது பலவீனமான கரண்ட். வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. கையால் நிழல் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. எஞ்சின் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறி வரும், பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். ஓட்டைக்குப் பக்கத்தில் பிளக்கை வைக்காதீர்கள். பிளக் எர்த்தில் (எஞ்சின் இரும்பில்) தொடாமல் அந்தரத்தில் இருக்கும்போது கிக் அடிக்கவும் கூடாது. போக வழியில்லாத கரண்ட், பொறியை இயக்கும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ.யையோ, கரண்டைப் பெருக்கும் சுருளான காயிலையோ கெடுத்துவிடும், இல்லாவிட்டால் உங்கள் கையில் அடிக்கும்.

சூடானதும் கரண்ட் போய்விடுகிறது. எங்கிருந்து தேடுவது?

மலிவான இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்கு.

முதலில் பிளக். கையில் இருக்கும் இன்னொரு பிளக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய வேவ், டிரீம் வண்டிகளில் வரும் சி7எச்எஸ்ஏ ரகப் பிளக்குக்கு இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. சந்தையில் போலிப் பிளக் நிறைய உண்டு. பெட்டியை நம்பாமல், நடு முனை நேராக நிற்கிறதா, பீங்கானில் எழுத்து சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து பிளக் கேப். இதைப் பார்க்காமலே காயில் மாற்றியவர்கள் ஏராளம். கேப் ஒயரில் திருகிதான் நிற்கிறது. இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். ஒயர் முனையில் செம்பு பச்சையாகியோ கருகியோ இருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, மறுபடி இறுக்கித் திருகுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் கேப்பின் இரு முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள்: ரெசிஸ்டர் கேப் என்றால் சுமார் 5 கிலோ ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டாலோ, ஆட்டினால் எண் குதித்தாலோ தூக்கி எறியுங்கள்.

மூன்றாவது, சாவி சுவிட்ச். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சீனா 125 வண்டிகளிலும் பழைய ஹோண்டாக்களிலும் இருக்கும் ஏ.சி. சி.டி.ஐ.யில், சாவி கரண்ட் கொடுப்பதில்லை. சாவியை மூடினால் ஒரு ஒயர் எர்த்தில் தொட்டு எஞ்சினை நிறுத்துகிறது, அவ்வளவுதான். அந்த ஒயர் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது. சாவி சுவிட்சுக்குள் ஈரமோ செம்புத் தூளோ சேர்ந்து, 'ஆன்' நிலையிலும் அந்த ஒயர் லேசாக எர்த்தில் தொட்டால், வண்டி தானாக அணையும், தானாகச் சரியாகும். ஹேண்டில்பாரில் சிவப்பு கில் சுவிட்ச் இருக்கும் வண்டிகளில் அந்த சுவிட்சும் இதே கூத்து காட்டும்.

சோதிப்பது எளிது. வண்டி அணைந்த நேரத்தில், சாவியை மூடிய நிலையில், சி.டி.ஐ.க்குப் போகும் கறுப்பு-வெள்ளை ஒயரை மட்டும் கழற்றிவிட்டு கிக் அடித்துப் பாருங்கள். கரண்ட் திரும்பி வந்தால் குற்றவாளி சுவிட்ச் பக்கம், சி.டி.ஐ. நிரபராதி. பார்த்துவிட்டுத் திரும்பச் சொருகிவிடுங்கள். அப்படியே ஓட்டாதீர்கள்: சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. கிக் அடிக்கும்போது அந்த முனையைக் கையால் தொடவும் வேண்டாம்.

நான்காவது, மேக்னட் (எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) உள்ளே இருக்கும் இரண்டு காயில்கள். ஒன்று சி.டி.ஐ.க்கு மின்சாரம் கொடுப்பது, ஒயர் கறுப்பு-சிவப்பு. மற்றது எப்போது பொறி தெறிக்க வேண்டும் என்று சொல்லும் பல்ஸர் காயில். ஒயர் நீலம்-வெள்ளை அல்லது நீலம்-மஞ்சள். இரண்டையும் கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் சொருகியில்) கழற்றிப் பச்சை எர்த் ஒயருக்கு எதிராக அளக்க வேண்டும். முதலாவது பெரும்பாலும் 100 முதல் 400 ஓம், பல்ஸர் 100 முதல் 200 ஓம். மாடலுக்கு மாடல் மாறும். எண்ணை விட முக்கியம், அதை ஆறியபோது ஒரு முறையும் வண்டி அணைந்த சூட்டில் ஒரு முறையும் எடுப்பது. செம்பு சூடானால் ஓம் கூடுவது இயல்பு. 120 ஓம் 150 ஆனால் பயப்பட வேண்டாம். சூட்டில் மீட்டர் ஒன்றுமே காட்டாமல் போனால் உள்ளே கம்பி அறுந்து சூட்டில் விலகுகிறது என்று அர்த்தம். ஆறியதும் முனைகள் மறுபடி தொட்டுக்கொள்ளும். டீக்கடைக் கதைக்கு மிகப் பொருத்தமான காரணம் இதுதான்.

மெக்கானிக் எடுத்த எடுப்பிலேயே சி.டி.ஐ.யை மாத்தணும்னு சொல்றார். மாத்தலாமா?

மேலே சொன்னவை எல்லாம் பார்த்த பிறகு. அப்போதும் வாங்காதீர்கள், அதே மாடல் வண்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு மணி நேரத்துக்குக் கடன் கேளுங்கள்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் அணைகிறது.

கழுத்துக்குப் பக்கத்தில் ஒயர் கட்டு மடங்கி மடங்கி உள்ளே செம்பு அறுந்திருக்கும். வெளியே பிளாஸ்டிக் முழுசாகத் தெரியும். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். பிறகு ஒவ்வொரு ஒயராக விரலில் பிடித்து மெதுவாக இழுங்கள். அறுந்த ஒயர் ரப்பர் மாதிரி நீளும். வெட்டி, ஈயம் வைத்து ஒட்டி, ரப்பர் குழாய் போட்டு மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு நம் மழைக்கு நிற்காது.

மழையில் நனைந்தாலும், திஞ்ஜான் புத்தாண்டுத் திருவிழாவில் தண்ணி ஊத்தினாலும் வண்டி நிற்கிறது. காய்ந்ததும் சரியாகிறது.

ஏப்ரல் நடுவில் திஞ்ஜான் தண்ணீர், மே முதல் அக்டோபர் வரை மழை. மோல்மேன் நாட்டிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. எனவே இந்தக் கேள்வி வருஷத்தில் பாதி நாள் வரும்.

பிளக்குக்குப் போகும் கரண்ட் ஆயிரக்கணக்கான வோல்ட். கேப்பின் ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், ஈரத்தின் வழியே அது எஞ்சினுக்குத் தாவிவிடும். கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. இரவில், விளக்கில்லாத இடத்தில், எஞ்சினை ஓடவிட்டு, துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் கேப், ஒயர், காயில் மீது பனி மாதிரித் தெளியுங்கள். ஒழுகும் இடத்தில் நீல நிறத்தில் மெல்லிய கோடு நெளியும், எஞ்சின் தடுமாறும். அந்த இடத்தை மட்டும் மாற்றினால் போதும். கரண்ட் போன ஊரில் இருட்டுக்கா பஞ்சம்?

கப்ளர்களைக் கழற்றி, பச்சை பிடித்த முனைகளைச் சுரண்டி, மின் இணைப்புக்கென விற்கும் சிலிக்கான் கிரீஸைக் கொஞ்சம் தடவுங்கள். கடைகளில் வண்டி கழுவும்போது பிரஷர் தண்ணீரை சாவி ஓட்டையிலும் சீட்டுக்கு அடியிலும் அடிக்க விடாதீர்கள். திஞ்ஜானில் நம் பிள்ளைகள் குழாயோடு நிற்பார்கள். அவர்களிடம் சொல்லிப் பயனில்லை, வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்து போவதே உத்தமம்.

கரண்ட் நன்றாக வருகிறது, பிளக் காய்ந்திருக்கிறது. அடுத்து?

கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் ஒரு வடிகால் திருகு இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்து அதைத் தளர்த்துங்கள். கிண்ணம் நிறைய பெட்ரோல் வந்து, பெட்ரோல் டேப் திறந்திருக்கும்போது தொடர்ந்து ஓடினால் டேங்கிலிருந்து வரத்து சரி, அடைப்பு ஜெட்டில் (பெட்ரோல் போகும் நுண்ணிய துளையில்). கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் டேப், குழாய், ஃபில்டர், ஃப்ளோட் நீடில் (கிண்ணம் நிறைந்ததும் வரத்தை மூடும் ஊசி) என்று மேல்நோக்கிப் போக வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; வாயில் செரூட்டுச் சுருட்டோடு இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

சில வண்டிகளில் டேப்புக்குக் கைப்பிடி இருக்காது. எஞ்சின் இழுக்கும் காற்றில் தானே திறக்கும். அதற்கு வரும் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்தால், வண்டி ஓடும் ஆனால் பெட்ரோல் சரியாக இறங்காது. கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாய் சிலிண்டரில் சாய்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். சூட்டில் உள்ளே ஆவி கட்டிக்கொள்ளும்.

பாட்டில் பெட்ரோல் போட்டால் கெட்டுவிடுமா?

ரோட்டோரம் பாட்டிலில் விற்பவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் பாட்டிலிலும் புனலிலும் தண்ணீர் சேருவது சகஜம். தண்ணீர் பெட்ரோலை விடக் கனமானது, அடியில் போய் உட்காரும். மேலே சொன்ன டம்ளரை இரண்டு நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கண்ணாடிக் குண்டு மாதிரி துளிகள் உருண்டால் அது தண்ணீர். ஒரு துளி ஜெட்டில் ஏறினால் வண்டி அணையும். குலுங்கி நகர்ந்தால் மறுபடி ஓடும். கிண்ணத்தை மட்டும் வடித்தால் பத்து மைல் போவீர்கள், டேங்கை முழுசாக வடித்தால்தான் தீரும்.

டேங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம் வந்தது. பிறகு வண்டி எடுத்துவிட்டது!

கண்டுபிடித்துவிட்டீர்கள். மூடியில் காற்று நுழைய ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். புழுதியோ துருவோ அடைத்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி வரத்து நிற்கும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் எப்படியோ காற்று கசிந்து சரியாகும், சில மைல் போனதும் திரும்ப அணையும். சூட்டில் காயில் போகிற அதே நடிப்பு. அதனால்தான் மூடியைத் திறப்பதை முதலில் வைத்தேன். ஒன்று மட்டும்: எஞ்சின் சூட்டில் ஆவி வெளியே தள்ளும் சத்தமும் உண்டு, அது கோளாறு அல்ல. உள்ளே இழுக்கிறதா, வெளியே தள்ளுகிறதா என்று மூடி மேல் கை வைத்துப் பாருங்கள்.

மூடியைச் சைக்கிள் பம்ப்பால் ஊதி, மண்ணெண்ணெயில் கழுவினால் சரியாகிவிடும்.

பல நாள் நிறுத்தி வைத்த வண்டி. சோக் போட்டால் ஓடுது, சோக்கை எடுத்தால் அணையுது.

பைலட் ஜெட் (எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் சின்ன ஜெட்) அடைத்திருக்கிறது. பெட்ரோல் தட்டுப்பாட்டு நாட்களில் மூலையில் நிறுத்திய வண்டிகளில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, அந்த நுண்ணிய ஓட்டையை மூடிவிடும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமான ஓட்டை தெரிய வேண்டும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, ஊதி, வேண்டுமானால் மெல்லிய செம்பு இழையால் குத்துங்கள். இரும்புக் கம்பி, ஊசி எல்லாம் வேண்டாம், ஓட்டை அகன்றால் ஜெட் வீண். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்துக் காற்று புகுந்தாலும் இதே அறிகுறிதான்.

கிக் அடிச்சு அடிச்சு பெட்ரோல் வாடை வருது.

மூழ்கிவிட்டது. சோக்கை எடுத்துவிட்டு, டேப்பை மூடி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து கிக் அடியுங்கள். எடுக்காவிட்டால் பிளக்கைத் துடைத்துப் போடுங்கள். தினமும் இப்படி ஆனால் ஃப்ளோட் நீடில் தேய்ந்திருக்கிறது.

கரண்டும் இருக்கு, பெட்ரோலும் இருக்கு. சூட்டில் மட்டும் எடுக்கல.

வால்வு இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். இந்தச் சின்ன எஞ்சின்களில் அது பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள், ஆறிய எஞ்சினில். இறுகிப்போன வால்வு சூட்டில் நீண்டு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் வெளியேறும். கிக் வழக்கத்தை விட லேசாக இறங்குவது அடையாளம். யாரும் முதலில் சந்தேகிக்காத இடம் இது.

செல்ஃப் அமுக்கினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். சில நேரம் சுற்றுகிறது.

பேட்டரி முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீரும். பிறகு மீட்டர். எஞ்சின் ஓடாமல் ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட்டும் மேலும் இருந்தால் பேட்டரி நிறைவு, 12-க்குப் பக்கத்தில் இருந்தால் காலி. செல்ஃப் அமுக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி ஓய்ந்துவிட்டது. விழாமலும் செல்ஃப் சுற்றாமலும் இருந்தால் ரிலே, எர்த் ஒயர் அல்லது மோட்டார் பிரஷ். எர்த்தைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து செல்ஃப் அமுக்குங்கள்: 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் சரியில்லை.

புதுப் பேட்டரி ஒரு வாரத்தில் இறங்கிவிடுகிறது.

எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு பேட்டரியில் அளந்தால் 13.5 முதல் 14.8 வரை வர வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் காயில் அல்லது ரெகுலேட்டர், 15.5 தாண்டினால் நிச்சயம் ரெகுலேட்டர், பேட்டரி கொதித்துவிடும். சார்ஜ் சரியாக இருந்தால் கசிவைத் தேடுங்கள். சாவியை மூடி, நெகடிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மில்லி ஆம்பியர் மீட்டர் வையுங்கள். அலாரம் இல்லாத சின்ன வண்டியில் 1 மில்லி ஆம்பியருக்குக் குறைவாக இருக்க வேண்டும். நேராக பேட்டரியில் கோத்த எல்.இ.டி. விளக்கும் ஹாரனும்தான் முதல் சந்தேகம்.

வீட்டில் கரண்ட் இல்லாத நாளுக்கு வைத்திருக்கும் பெரிய பேட்டரி சார்ஜரில் பைக் பேட்டரியைப் போடாதீர்கள். 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும்.

என்னுடையது வேவ் 110ஐ. கார்புரேட்டரே இல்லை. எப்படிப் பார்ப்பது?

சாவி போட்டதும் காதைக் கொடுங்கள்: டேங்கிலிருந்து இரண்டு விநாடி 'ஸ்ஸ்ம்' என்று பம்ப் ஓடி நிற்க வேண்டும். சத்தமில்லை என்றால் ஃபியூஸ், பம்ப் கப்ளர், பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். மீட்டரில் எஞ்சின் விளக்கு சில விநாடி எரிந்து அணைவது சரி, மினுக்கினால் எண்ணுங்கள். நீண்ட மினுக்கு ஒன்றுக்குப் பத்து, குறும் மினுக்கு ஒன்றுக்கு ஒன்று. 7 என்றால் எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார், 8 என்றால் திராட்டில் சென்சார், 12 என்றால் இன்ஜெக்டர். சென்சாரை வாங்கும் முன் அதன் கப்ளரைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் விஷயம்.

இந்த வண்டிகளில் பேட்டரி சுத்தமாக இறங்கினால் கிக்கும் கை கொடுக்காமல் போகலாம். பம்ப்பும் கம்ப்யூட்டரும் கரண்டை நம்பி இருக்கின்றன. வண்டி கீழே விழுந்து எழுந்த பிறகு எடுக்கவில்லை என்றால் சாவியை ஒரு முறை மூடித் திறங்கள். சாய்வு சென்சார் உள்ள மாடல்களில் அதுவே போதும்.

ஃபியூஸ் போனால் வெள்ளித் தாள் சுற்றிப் போடலாமா?

வேண்டாம். வண்டி எரியும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது என்ன சொல்ல வேண்டும்?

"ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். அணைந்தபோது எஞ்சின் சூடா, ஆறியதா; எத்தனை மைல் ஓடியபின்; மழையா, வெயிலா; டக்கென்று அணைந்ததா, இழுத்து இழுத்து அணைந்ததா; பிளக் நனைந்திருந்ததா; கரண்ட் வந்ததா. டக்கென்று சாவி மூடியது போல் அணைவது பெரும்பாலும் மின்சாரம், திணறி இழுத்து அணைவது பெரும்பாலும் பெட்ரோல். முடிந்தால் கோளாறு வரும்வரை வண்டியை அவர் கடை வாசலிலேயே ஓடவிட்டு, அவரை அங்கேயே அளக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் ஒரு லஃபெயே (பர்மிய டீ) வாங்கிக் கொடுங்கள். சீட்டுக்கு அடியில் பிளக் ஸ்பேனர், ஒரு நல்ல பிளக், ஒரு ஃபியூஸ், காய்ந்த துணி இருக்கட்டும்; மழைக்காலத்தில் துணியை பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள்.